உங்களுக்குத் தெரியுமா? பச்சிளம் குழந்தைக்கும் வலிக்கும்!

1980-கள் வரை, பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளுக்குப் பல மருத்துவமனைகளில் போதிய வலிநீக்க மருந்து இல்லாமலேயே அறுவை சிகிச்சை நடந்தது. தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு, அவ்வளவுதான். நரம்புகள் முழுதாக வளராததால் வலி தெரியாது என்று நம்பினார்கள். வீரியமான மருந்தைப் பிஞ்சு உடம்பு தாங்காது என்ற பயமும் இருந்தது. அசையவே முடியாத குழந்தை எப்படி அழுது காட்டும்?

இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1987-இல் 'லான்செட்' இதழில் இதற்குப் பதில் சொன்னார்கள். இதயத்தின் அருகிலுள்ள ஒரு ரத்தக்குழாயை அடைக்கும் அறுவை சிகிச்சையில், ஃபென்டனில் என்ற வீரியமான வலிநீக்க மருந்தைப் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் அழுத்த (ஸ்ட்ரெஸ்) ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன.

இன்று சுருங்கும் புருவம், இறுக மூடிய கண், இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மார்ஃபின், பாராசிட்டமால் போன்றவை எடைக்கேற்பத் தரப்படுகின்றன. பிறந்த குழந்தையின் உடல் மார்ஃபினை மெதுவாகவே வெளியேற்றும். மூச்சு மந்தமாகலாம் என்பதால் கண்காணிப்பு கட்டாயம். குதிகாலில் ஊசி குத்தும்போது நாக்கில் விடும் சர்க்கரைக் கரைசல், அறுவை சிகிச்சை வலிக்குப் போதாது.

உங்கள் குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்றால், "வலிக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.