மிளகு தின்னும் எலி

மிளகு கொடியில் முற்றியதும் மனிதன் பறிப்பதற்கு முன்பே வந்து ருசி பார்க்கும் பிராணி ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. பலா பழுத்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். மலையாளத்துப் பனைகளில் கட்டிய கள்ளுக் கலயத்தையும் அது விட்டுவைப்பதில்லை என்று பழைய நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு எந்த மதுவிலக்குச் சட்டமும் செல்லாது போலும்!

இவ்வளவு பெயர் கெட்ட ஆசாமியின் உடல் ஒரு சாண் நீளம்கூட இல்லை. எடை சுமார் 75 கிராம். முதுகு முழுவதும் தட்டையான முட்கள் மயிருடன் கலந்து கிடக்கும். வாலோ புட்டி கழுவும் தூரிகையைப் போல அடர்ந்து, நுனியில் வெளுத்திருக்கும். நம் ஊர்த் தேரிக்காட்டில் பந்தாகச் சுருண்டுகொள்ளும் முள்ளெலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முள்ளெலி பூச்சி தின்பது, இது கொறிப்பது. தோட்டக்காரர்கள் மிளகெலி என்ற பொருளில் இதை அழைத்தார்கள். அந்தப் பெயரே இங்கும் இருக்கட்டும்.

1859-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர் இதை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். கிடைத்த இடம் ஆலப்புழை என்று பதிவாயிற்று. ஆலப்புழையோ கடற்கரைத் துறைமுகம். அங்கே மலையும் இல்லை, சோலையும் இல்லை! இதன் சொந்த ஊர் குடகு முதல் அகத்தியமலை வரையில் உள்ள ஈரமான பசுமை மாறாக் காடுகளே. உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

ஐரோப்பாவில் குளிர்காலம் முழுவதும் உறங்கும் எலி ஒன்று உண்டு. அதன் வாலைப் போலவே இதன் வாலும் இருப்பதால் அதே குலம் என்று எண்ணிவிட்டார்கள். மரபணுக்களைச் சோதித்ததில் அந்த உறவு பொய்யாயிற்று. உண்மையான நெருங்கிய சொந்தம் தென் சீனத்திலும் வியட்நாமிலும் உள்ள மலைக்காடுகளில் இருக்கிறது. சீனத்து யுன்னான் பிரதேசத்தில் புதையுண்டிருந்த பழைய பற்களிலும் இதன் இனத்தைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே முன்னொரு யுகத்தில் ஆசியாவின் பெரும்பகுதியில் பரவியிருந்த குடும்பம், இன்று நம் மலையில் இந்த ஒற்றைக் கிளையாக எஞ்சியிருக்கிறது.

இனி, இதன் இராக்கால வேலையைக் கேளுங்கள். பகலெல்லாம் மரப்பொந்தில் இலைமெத்தை போட்டு உறங்கும். இருட்டியபின் கிளைக்குக் கிளை உலவும். திருநெல்வேலிச் சீமையின் களக்காடு, முண்டந்துறை மலைகளில் வெடிப்பலா என்ற பெருமரம் மிகுதி. அதன் முள்காய்களைச் சிங்கவால் குரங்குகள் விரும்பி உண்ணும். மற்றப் பழங்கள் அருகிய கோடை முகத்தில் அது கிளையெல்லாம் கொத்துக்கொத்தாகப் பூக்கும். பூவுக்கு இதழே இல்லை. புல்லி வட்டந்தான் சதைப்பிடிப்பான குழாயாக இருக்கிறது. பசித்த பிராணிகளுக்கு அதுவே சோறு. குரங்கும் அணிலும் வௌவாலும் வரும்; மிளகெலியும் வரும். பூவைத் தின்னும்போது முகத்தில் ஒட்டும் மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. திருடன் என்று தோட்டக்காரன் சபித்த எலி, காட்டிலே அந்தப் பெருமரத்துக்குக் கல்யாணத் தரகு செய்கிறது!

ஆனால் அடுத்த மரத்துக்குப் போக வழி வேண்டுமே? மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று கைகோத்து நின்றால்தான் அதற்குப் பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் காப்பிக்கும் தேயிலைக்கும் மலைச்சரிவுகளை மொட்டையடித்தார்கள். ஏலத்தோட்டங்களில் நிழலுக்குச் சில பெருமரங்களை மட்டும் விட்டு, இடையிலிருந்தவற்றை வெட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு போலவே தோன்றும். எலிக்கோ அவை தனித்தனித் தீவுகள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்துக்கு இலக்கான இனமாகக் குறித்திருக்கிறது.

களக்காட்டுக்கும் முண்டந்துறைக்கும் 1988-இல் புலிகள் காப்பகம் என்ற பாதுகாப்புக் கிடைத்தது. புலியின் பெயரால் கிடைத்த காவலில், உள்ளங்கையில் அடங்கும் இந்த எலியும் இராத்திரிதோறும் வெடிப்பலாக் கிளையில் ஏறிக்கொண்டிருக்கிறது.