கூரையைப் பார்த்து ஆடுகிறவர்

கடிகாரத்தில் 38 விநாடி மிச்சம். பலகையில் பாதிக்கு மேல் காய்கள் நிற்கின்றன. எதிராளி இப்போதுதான் குதிரையை நகர்த்தியிருக்கிறார். திரையின் ஓரத்தில், சின்னச் சதுரத்துக்குள் தெரியும் முகமோ பலகையைப் பார்க்கவே இல்லை. கண்கள் மேலே, கூரையில் எதையோ தேடுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பிறகு பார்வை கீழே இறங்குகிறது. கை நான்கு முறை சடசடவென்று அசைகிறது. எதிராளியின் யானை பலகையிலிருந்து காணாமல் போகிறது.

ஹிகாரு நகமுரா இணையத்தில் ஆடுவதை நேரலையில் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. முதலில் பார்த்தபோது அவர் கவனம் சிதறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிடச் சதுரங்கத்தில் மூன்று விநாடி என்பது மாதச் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தொகையை ஒருவர் கூரையைப் பார்ப்பதற்கா செலவழிப்பார்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் இந்த ஆட்டத்துக்குள் இருக்கும் இயந்திரம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

இந்த வகை ஆட்டத்துக்குப் ‘புல்லட்’ என்று பெயர், துப்பாக்கித் தோட்டா. வழக்கமான வடிவத்தில் ஆளுக்கு 60 விநாடி. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, ஆளுக்கு 10 நிமிடமோ அதற்குக் குறைவோ உள்ள ஆட்டத்தை ‘பிளிட்ஸ்’, அதாவது மின்னல் ஆட்டம் என்கிறது. இணையம் அந்த மின்னலையும் பத்தில் ஒன்றாகச் சுருக்கிவிட்டது. ஆட்டம் 50 நகர்த்தல் ஓடினால் ஒரு நகர்த்தலுக்குக் கிடைப்பது ஒரு விநாடியும் கொஞ்சமும். திரையில் ஏதோ மாறியதை உணர்ந்து விரல் அசைவதற்கே மனிதருக்குக் கால் விநாடி போய்விடும். மிஞ்சியதற்குள் நிலவரத்தைப் புரிந்து, முடிவெடுத்து, சுட்டியால் காயை இழுத்துச் சரியான கட்டத்தில் போட்டாக வேண்டும்.

நகமுரா 1987-இல் ஜப்பானின் ஹிரகாட்டாவில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா போனவர். சதுரங்கம் அவருக்கு வீட்டிலேயே இருந்தது. வளர்ப்புத் தந்தை சுனில் வீரமந்திரி இலங்கையில் பிறந்த சதுரங்க ஆசிரியர். நகமுரா 2003-இல், 15 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். மிக இளைய அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் என்று பாபி ஃபிஷர் வைத்திருந்த சாதனை அன்று முறிந்தது. அந்தக் காலத்து இணையச் சதுரங்க மன்றத்தில் ‘ஸ்மால்வில்’ என்ற புனைபெயரில் இரவு பகலாக ஆடினார். 2009-இல் புரூஸ் ஹார்ப்பருடன் சேர்ந்து ஒரு நிமிட ஆட்டத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். 2018 முதல் 2022 வரை, இணையத்தின் பெரிய வேக ஆட்டப் போட்டியான ‘ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்’பை ஐந்து முறை தொடர்ந்து வென்றார்.

ஒரு விநாடியில் ஒரு பலகையை எப்படிப் படிக்க முடிகிறது? 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நிலையை 5 விநாடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவருக்கு 4 தேறியது. பிறகு காய்களைக் கண்டபடி இறைத்து அதே சோதனையை வைத்தார்கள். தேர்ந்தவரும் கிட்டத்தட்டப் புதியவர் அளவுக்கு இறங்கிவிட்டார்! ஆக, அவரிடம் இருப்பது அபார ஞாபகசக்தி இல்லை, எழுத்தறிவு. ஓடும் பேருந்தின் நெற்றியில் ‘திருச்சிராப்பள்ளி’ என்று இருந்தால் நாம் எழுத்துக் கூட்டுவதில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. அதே எழுத்துகளைக் குலுக்கிப் போட்டால் பேருந்து போன பிறகும் யோசித்துக்கொண்டிருப்போம். ஐந்தாறு காய்கள் சேர்ந்து நிற்கும் அமைப்பைத் தேர்ந்தவர் ஒரே சொல்லாக வாசிக்கிறார். இத்தகைய அமைப்புகளை ஆய்வாளர்கள் ‘சங்க்’ என்கிறார்கள். நாம் ‘கொத்து’ எனலாம். பெரும்பாலான நகர்த்தல்களுக்கு அந்த வாசிப்பே போதும். யோசனை தேவையே இல்லை.

கூரை எதற்கு என்பது இங்கேதான் விளங்குகிறது. ஐம்பது நகர்த்தலில் நான்கைந்து இடங்களில் வாசிப்பு போதாமல் போகிறது. அப்போது வேண்டியது இப்போதைய பலகை அல்ல, நான்கு நகர்த்தலுக்குப் பிறகு வரப்போகும் பலகை. கண் முன்னால் நிற்கும் காய்கள் அந்தக் கற்பனைப் பலகைக்கு இடைஞ்சல். மனக்கணக்குப் போடும் மளிகைக்கடைக்காரர் நம் முகத்திலிருந்து பார்வையை விலக்கி வெறும் காற்றைப் பார்ப்பாரே, அதே வேலைதான். நகமுராவின் வேகம் வேகமாக யோசிப்பதில் இல்லை என்பது என் கணிப்பு. எங்கே யோசிக்கவே கூடாது என்று அவர் முன்கூட்டியே தீர்த்துவைத்திருக்கிறார். அங்கே மிச்சம் பிடித்த விநாடிகள்தான் கூரைக்குப் போகின்றன.

மிச்சம் பிடிப்பது முதல் நகர்த்தலிலேயே ஆரம்பிக்கிறது. வெள்ளைக் காய் கிடைத்தால் அவர் பலமுறை ராணி பக்கத்துக் குதிரைக்கு முன் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவார். பார்க்கச் சாதுவான நகர்த்தல். ஆனால் அந்தப் பொந்தில் மந்திரி உட்காருகிறது (மூலைவாட்டில் போகும் காயைத்தான் மந்திரி என்கிறேன்), அப்புறம் குதிரை, அப்புறம் ராஜாவுக்குப் பாதுகாப்பு. எதிராளி எதைச் செய்தாலும் இந்த வரிசை பெரும்பாலும் செல்லுபடியாகும். புத்தகங்களில் மனப்பாடம் செய்த சிக்கலான தொடக்கங்களோ எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலையும் பார்த்துப் பதில் சொல்லச் சொல்லும்.

அடுத்தது கை. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதியைக் கண்டார்: இலக்கு எவ்வளவு தூரமோ, எவ்வளவு சிறியதோ, அதற்கேற்பக் கை போய்ச் சேரும் நேரம் கூடுகிறது. வாழையிலையில் நடுவிலிருக்கும் சோற்றில் கைவைப்பதற்கும், ஓரத்து நுனியில் இருக்கும் உப்பைக் கிள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நல்ல புல்லட் ஆட்டக்காரர்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள். கடைசி சில விநாடிகளில், சுட்டி எங்கே நிற்கிறதோ அதற்குப் பக்கத்துக் காயை நகர்த்துவார்கள். எதிராளியின் கை பலகையின் வலது கோடியில் இருக்கும்போது இடது கோடியில் ஒரு செக் வைப்பார்கள். அவர் கை பயணம் செய்யும் நேரமும் அவர் கணக்கில்தானே கழிகிறது!

கையைவிட விந்தையானது ‘ப்ரீமூவ்’, முன்நகர்வு. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் அடுத்த நகர்த்தலைப் பதிந்துவைக்கலாம். அவர் காய் விழுந்த மறுகணம் கணினி நம் காயை வைத்துவிடும். லிசெஸ் தளத்தில் இதற்கு நேரமே கழியாது, செஸ்.காமில் 0.1 விநாடி. நம் இலக்கணம் ஒரு மாத்திரையைக் கண்ணிமைக்கும், கைநொடிக்கும் நேரமாக அளந்தது. ஒரு முன்நகர்வு அதைவிடச் சிறியது. ஒரு விநாடி மட்டும் வைத்திருப்பவர் இந்த உத்தியால் இன்னும் பத்து நகர்த்தல் ஆடலாம்.

ஆனால் முன்நகர்வு என்பது கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் பந்தயம். ஒரு பழைய பொறி இருக்கிறது. வெள்ளை, ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பு, ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்தப் பொந்துக்கு மந்திரியை முன்நகர்வாகப் பதிந்துவிடுகிறது. இதை எதிர்பார்த்த வெள்ளை, தன் மந்திரியைக் கொண்டுபோய் அந்தப் பொந்துக்கு மூலைவாட்டில், கறுப்பு மந்திரி வெட்டக்கூடிய கட்டத்திலேயே நிறுத்துகிறது. பார்த்து ஆடியிருந்தால் கறுப்புக்கு இலவசமாக ஒரு மந்திரி. பதிந்த கட்டளையோ மந்திரியைப் பொந்தோடு நிறுத்திவிடுகிறது. வெள்ளை அதை வெட்டி, மூலையில் நகர வழியில்லாமல் நிற்கும் யானைக்கும் குறிவைக்கிறது. மூன்றாவது நகர்த்தலிலேயே ஆட்டம் குலைந்துவிட்டது. எதிராளி எந்த விநாடியில் பலகையைப் பார்ப்பதை நிறுத்துவார் என்று ஊகிப்பதும் இந்த ஆட்டத்தில் ஒரு திறமை.

பழைய இயந்திரக் கடிகாரத்தில் நேரம் தீர்ந்தால் ஒரு சிறு கொடி விழும். இன்று கொடி இல்லை, ‘கொடி விழுந்தது’ என்ற பேச்சு மட்டும் நிற்கிறது. புல்லட்டில் ராணியை இழந்தவரும் எதிராளியின் கொடி விழுந்தால் வெல்லலாம். ஒரு நிபந்தனை: ராணியை இழந்தவரிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் ஆட்டம் டிரா. அதனால் தோற்கும் நிலையில் இருப்பவர் ஒரே ஒரு சிப்பாயைக் குழந்தையைப் போலப் பொத்திக் காப்பார்.

இதற்கெல்லாம் அடியில் யார் கண்ணிலும் படாத ஒரு நடுவர் உண்டு. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, போய்வர 0.13 விநாடி. அற்பம்தான், ஆனால் 40 நகர்த்தலுக்கு 5 விநாடி. ஆயுளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே தளத்தின் கணினி ஒவ்வொருவருடைய தாமதத்தையும் அளந்து, ஒரு வரம்புக்குள் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. இணைப்பே அறுந்தால் அதற்கும் வழியில்லை. 2020 இணையச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதியில் இந்தியாவின் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இருவரும் இணைப்பு போய் நேரத்தில் தோற்றார்கள்; பிறகு ஃபிடே இந்தியாவையும் ரஷ்யாவையும் சேர்த்தே வெற்றியாளர்களாக அறிவித்தது.

நகமுராவின் ஆட்டங்களில் எனக்கு மிகப் பிடித்தது 2008-இல் அவர் ரிப்காவோடு ஆடியது. ரிப்கா அன்று உலகின் மிக வலிய சதுரங்க நிரல். ஆளுக்கு 3 நிமிடம். கணக்குப் போடுவதில் அதை மனிதர் வெல்ல முடியாது. நகமுரா கணக்கே தேவைப்படாத ஒரு பலகையைக் கட்டினார். இரு பக்கச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்க, குறுக்கே ஒரு மதில் எழுந்தது. தன் பெரிய காய்களைக் குறைந்த விலைக்கு விற்றார். ரிப்கா காய்களை எண்ணிப் பார்த்துத் தானே முன்னிலையில் இருப்பதாக நம்பியது. அதன் பிறகு அவர் மதிலுக்குப் பின்னால் காய்களை இங்கும் அங்குமாக உலாத்தினார், அவ்வளவுதான்.

காய் வெட்டாமல், சிப்பாயை நகர்த்தாமல் 50 நகர்த்தல் போனால் டிரா என்று ஒரு விதி உண்டு. அந்த எல்லை நெருங்கியபோது, ஜெயிக்கிற ஆட்டத்தை டிராவாக விட ரிப்காவுக்கு மனமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டிராவைத் தவிர்க்க ஒரு சிப்பாயைத் தள்ளி, மதிலைத் தானே இடித்தது. நகமுரா உள்ளே புகுந்தார். கடைசிக் கட்டத்தில் தன் சிப்பாய்களை ராணிகளாக்காமல் மந்திரிகளாக மாற்றிக்கொண்டு வென்றார். மொத்தம் 271 நகர்த்தல். 180 விநாடியில் 271 என்றால் ஒன்றுக்கு 0.66 விநாடி. எங்கே யோசிக்க வேண்டாம் என்று தெரிந்தவர், யோசிப்பதை நிறுத்தத் தெரியாத ஒன்றை வென்ற ஆட்டம் அது.

இதே பழக்கம் அவரிடம் விலையும் வாங்கியிருக்கிறது. 2005-இல் சிகேமன் போட்டியில், மணிக்கணக்கில் நடக்கும் மெதுவான ஆட்டத்தில், சென்னையின் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியைப் பலகையின் ஓரத்துக்கு ஓட்டினார். நான்கே நகர்த்தலில் செக்மேட் செய்யப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளின் நகர்த்தல் அது. இணையத்தில் அதன் லாபம், திகைக்கும் எதிராளி இழக்கும் மூன்று விநாடி. அங்கே மூன்று விநாடிக்கு மதிப்பே இல்லை. சசிகிரண் நிதானமாக ஆடி வென்றார்.

வேக ஆட்டம் ‘தோற்கடிக்கச் சிரமமான’ நகர்த்தலுக்குப் பரிசு தருகிறது. மெதுவான ஆட்டம் சரியான நகர்த்தலைக் கேட்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்க நகமுரா பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார், குறைத்தும் இருக்கிறார். ஆனாலும் கடைசி அடியில் இடறுகிறார். உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி ‘கேண்டிடேட்ஸ்’. 2022-இல் மாட்ரிட்டில் நடந்த கேண்டிடேட்ஸின் கடைசிச் சுற்றில் டிரா செய்தாலே இரண்டாமிடம் உறுதி. டிங் லிரெனிடம் தோற்று, அந்த இடத்தை அவரிடமே இழந்தார். அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன் பட்டத்தைத் துறந்ததால் அந்த இரண்டாமிடத்துக்கே உலகப் பட்ட ஆட்டம் கிடைத்தது. 2023-இல் டிங் உலகச் சாம்பியன் ஆனார்.

2024 டொரோண்டோ கேண்டிடேட்ஸில் மறுபடி அதே வாசல். கடைசிச் சுற்றில் வெள்ளைக் காய், வெல்ல வேண்டிய கட்டாயம். எதிரே சென்னையிலிருந்து வந்த 17 வயது குகேஷ். வேக ஆட்டத் தரப்புள்ளியில் நகமுராவுக்கு வெகு பின்னால் இருந்தவர். ஒரு நிமிட ஆட்டம் என்றால் நான் நகமுராவின் பக்கம்தான் பந்தயம் கட்டியிருப்பேன். அன்று நேரம் தாராளமாக இருந்தது, குகேஷ் அதில் நிதானமாக உட்கார்ந்து யோசித்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது. உலகச் சாம்பியனோடு மோதும் உரிமை குகேஷுக்குப் போனது.