வாக்குக்குக் காவல்

ஜனநாயகத்தைக் காப்பது அரசாங்கங்களின் காரியம் என்றே பலரும் கருதினாலும், எந்த அரசையும் சாராத சங்கங்கள் தேச எல்லைகளைக் கடந்து ஒன்றுக்கொன்று துணைநின்றதனால் மக்களின் தீர்ப்பு பிழைத்த சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் உண்டு.

1986 பிப்ரவரி 7-ஆம் தேதி பிலிப்பைன்ஸில் அப்போது பதவியிலிருந்த மார்கோஸுக்கும் அவரை எதிர்த்து நின்ற கொரஸோன் அக்கினோவுக்கும் இடையே ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது, 'நாம்ஃப்ரெல்' என்னும் பிரஜைகள் இயக்கத்தின் லட்சக்கணக்கான தொண்டர்கள் சாவடிகளில் காவலிருந்து, அங்கங்கே எண்ணப்பட்ட வாக்குகளைக் குறித்தெடுத்துத் தனியே கூட்டிப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பார்வையாளர்களும் தாம் கண்ட முறைகேடுகளை உலகறியச் சொன்னார்கள். அதிகாரபூர்வமான கணக்கு மார்கோஸ் ஜயித்ததாகச் சொல்ல, தொண்டர்களின் கணக்கோ அக்கினோ முந்துவதாகக் காட்டியது. பிப்ரவரி 25-இல், மக்கள் வீதிகளில் திரண்டு நிற்க, மார்கோஸ் தேசத்தை விட்டே வெளியேறினார்.

அந்த அனுபவம் கடல் கடந்து சிலிக்கும் பயன்பட்டது. 1988 அக்டோபர் 5-இல், ராணுவ சர்வாதிகாரி பினோஷேயின் ஆட்சி நீடிக்கலாமா என்று நடந்த வாக்கெடுப்பில், சர்வதேசச் சங்கங்களின் பயிற்சியும் பொருளுதவியும் பெற்ற உள்ளூர்க் குழுக்கள் வாக்குகளைத் தாமே கணக்கிட்டமையால், சுமார் 56 சதவீதத்தினர் 'வேண்டாம்' என்றதை மறைப்பது அரிதாயிற்று.

அந்நிய உதவி அந்நியத் தலையீடாக மாறிவிடும் அபாயமும் உண்டாகையால், பார்வையாளர் பட்சபாதமின்றி நடந்து, அந்தந்த நாட்டின் சுயாதிபத்தியத்தை மதிக்க வேண்டுமென்று 2005-இல் ஐக்கிய நாடுகள் சபையில் வெளியான பிரகடனம் விதித்தது. சாட்சி சொல்ல அயலார் வரலாம். தீர்ப்பெழுதும் உரிமை அந்நாட்டுப் பிரஜைகளுக்கே உரியது.