கையளிக்கப்படும் பொருளும் மறைக்கப்படும் உண்மையும்: யூதக் குடியேற்றக் குடும்பங்களைப் பற்றிய அமெரிக்கக் கதைநூல்கள்

உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1881-இல் கொல்லப்பட்டதை அடுத்து அந்நாட்டு யூதர்மீது வன்முறை மூண்டது. அது முதல் 1924-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்றத்தைப் பெரிதும் தடுக்கும் வரை, கிழக்கு ஐரோப்பிய யூதர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அமெரிக்காவில் குடியேறினர். வன்முறையைப் போலவே வறுமையும் இப்பெயர்வுக்குக் காரணமாயிற்று. இவ்வரலாற்றைப் பொதுவாசகரிடம் கொண்டுசென்றவற்றுள் வரலாற்றுக் காதல் நாவல்களும் சிறுவருக்கான படக்கதை நூல்களும் குறிப்பிடத்தக்கவை. இரண்டுமே பெரும் பெயர்ச்சியை ஒரு குடும்பத்தின் கதையாகச் சுருக்குகின்றன. ஆயினும் தலைமுறைகளுக்கிடையே எது கடத்தப்படுகிறது என்பதில் இவை முற்றிலும் வேறுபடுகின்றன.

பெல்வா பிளெயின் எழுதிய 'எவர்கிரீன்' (1978) நாவல்வகைக்குத் தக்க சான்றாகும். போலந்துச் சிற்றூரிலிருந்து வந்த அன்னா, நியூயார்க்கில் செல்வம் மிக்க யூதக் குடும்பமொன்றில் பணிப்பெண்ணாகிறாள். அவ்வீட்டு மகன் பாலைக் காதலிக்கிறாள். மணப்பதோ ஏழை உழைப்பாளியான ஜோசப்பை. காதலுக்குத் தடையாவது சமயம் அன்று. முன்னரே வந்து நிலைபெற்ற செருமானிய யூதருக்கும் பின்வந்த கிழக்கு ஐரோப்பிய யூதருக்கும் இடையிலிருந்த வகுப்பு வேற்றுமையே. பின்னர்ப் பிறக்கும் மகளின் தந்தை பால் என்பது அன்னா காக்கும் இரகசியம். குடும்பம் செழிக்கச் செழிக்க அந்த மறைப்பின் சுமையும் கூடுகிறது. காதல் நாவல் என்று ஒதுக்கிவிடுவோர் இச்சமூக வரலாற்றுக் கூற்றைக் காணத் தவறுவர்.

படக்கதை நூல்களில் மறைப்புக்கு இடமில்லை. கையளிப்பே அவற்றின் மையம். பட்ரீசியா பொலாக்கோவின் 'தி கீப்பிங் குவில்ட்' (1988) தம் குடும்ப வரலாற்றையே கூறுவது. உருசியாவிலிருந்து வந்த சிறுமி அன்னாவின் ஆடையும் தலைத்துணியும், உறவினரின் பழந்துணிகளும் சேர்ந்து ஓர் ஒட்டுத்துணிப் போர்வையாகின்றன. அது ஓய்வுநாள் உணவுமேசையின் விரிப்பாகவும், மணமக்களுக்கு மேல் பிடிக்கும் விதானமாகவும், குழந்தையைப் பொதியும் துணியாகவும் தலைமுறைதோறும் பயன்படுகிறது. மனிதர்கள் கரிய கோட்டுச் சித்திரங்களாகத் தோன்ற, அத்துணிகளும் போர்வையும் வண்ணம் பெறுகின்றன. சொல் கூறாததை ஓவியம் கூறும் இவ்வுத்தி இந்நூலின் தலையாய சிறப்பு. போர்வை மாறாதிருக்க, திருமண வழக்கங்கள் மாறிவருவதையும் படங்கள் காட்டுகின்றன.

மொழி இவ்வாறு முழுமையாகக் கையளிக்கப்படவில்லை. அதே நூலில் அன்னா பள்ளியில் ஆங்கிலம் கற்றுத் தன் வீட்டுப் பெரியவர்களுக்காகப் பேசுகிறாள். குழந்தை பெற்றோரின் வாயாக ஆவது குடியேற்றக் குடும்பங்களில் பரவலாகக் காணப்படும் நிலை. ஏமி ஹெஸ்ட் எழுதி பி. ஜே. லிஞ்ச் படம் வரைந்த 'வென் ஜெஸ்ஸி கேம் அக்ராஸ் தி சீ' (1997) இதற்கு மறுமுகம் காட்டுகிறது. ஜெஸ்ஸி பாட்டிக்கு எழுத்தறிவிக்கிறாள். பாட்டி அவளுக்குப் பின்னல் தையல் கற்பிக்கிறாள். கடல் பிரித்தபின் அவ்வெழுத்து கடிதமாகிறது. அத்தையலோ பாட்டியின் கப்பற் கட்டணமாகிறது. கப்பலில் அறிமுகமான இளைஞனுடன் நிகழும் காதலும் இதில் உண்டு. எனினும் கதையின் முடிச்சு அதுவன்று, பாட்டியின் வருகையே.

பார்பரா கோகெனின் 'மாலீஸ் பில்கிரிம்' (1983) மேலும் கூர்மையானது. நன்றியறிதல் திருநாளுக்காகப் பள்ளிக்கு ஒரு பழங்குடியேறியின் பொம்மை தேவைப்படுகிறது. தாயோ தன்னைப் போன்ற உருசியப் பெண்ணின் பொம்மையைச் செய்து தருகிறாள். சமய உரிமை நாடிக் கடல் கடந்தவர் எவரோ அவரே பில்கிரிம் என்பது அவள் கொண்ட பொருள். இத்திஷ் மொழியில் மகளைக் கொஞ்சும் அத்தாயின் ஆங்கிலக் குறைவு கருதி, அவள் பள்ளிக்கு வருவதையே மாலீ முன்பு விரும்பவில்லை. ஆசிரியை அப்பொம்மையைத் தம் மேசைமேல் வைத்துக்கொள்ள விழைந்த பின்னரே, அழைத்தால் அம்மா வரலாம் என்று அச்சிறுமி முடிவு செய்கிறாள்.