வண்டித் தடம் சொல்லும் கதை

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ராக்கி மலைத்தொடர் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கும் பெரிய மலை அது. வயோமிங் என்னும் மாநிலம் இந்த மலைப் பகுதியில் உள்ளது.

இன்று அங்கே நல்ல சாலைகள் உண்டு. சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்பு சாலையே இல்லை. அப்போது மாட்டு வண்டிகள் மலையை எப்படித் தாண்டின?

ஒரு கணவாய் வழி கொடுத்தது. மலைகளுக்கு நடுவே உள்ள தாழ்வான வழியே கணவாய். இதன் பெயர் சவுத் பாஸ். தெற்குக் கணவாய் என்று பொருள். இதன் உயரம் சுமார் 7,400 அடி. ஆனால் செங்குத்தான ஏற்றம் இல்லை. அகலமான வெட்டவெளி மெல்ல ஏறி, மெல்ல இறங்கும்.

அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு இந்த வழி முன்பே தெரியும். 1812ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்டூவர்ட் என்பவரின் குழு இதைக் கடந்தது. அவர்கள் விலங்குத் தோல் வியாபாரிகள்.

1840ஆம் ஆண்டுக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக மக்கள் மேற்கே கிளம்பினார்கள். சிலர் நிலம் தேடிப் போனார்கள். சிலர் தங்கம் தேடிப் போனார்கள். சுமார் 25 ஆண்டுகளில் 3 லட்சம் பேருக்கு மேல் இந்த வழியே சென்றார்கள்.

பயணம் சுமார் 2,000 மைல். நாலைந்து மாதம் ஆகும். வண்டியில் மாவு, இறைச்சி, பாத்திரம் எல்லாம் நிறைந்திருக்கும். அதனால் பெரும்பாலோர் நடந்தே போனார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 15 மைல்.

புறப்படும் காலம் முக்கியம். சீக்கிரம் கிளம்பினால் மாட்டுக்குப் புல் இருக்காது. தாமதித்தால் மலையில் பனி விழுந்துவிடும். எனவே புல் முளைத்ததும் கிளம்புவார்கள்.

வழியில் காலரா பலரைக் கொன்றது. 1849 முதல் சில ஆண்டுகள் இது மிகக் கடுமை. ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கானோர் தங்கினார்கள். அங்கேயே மலம் கழித்தார்கள். அங்கேயே தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீரால் காலரா பரவும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பழங்குடி மக்களும் துன்பப்பட்டார்கள். வண்டி மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. மரங்கள் விறகாயின. அவர்களுக்கு உணவு தந்த காட்டெருமைகள் குறைந்தன. நோயும் அவர்களிடம் பரவியது.

1851இல் லாரமி கோட்டைக்கு அருகே அரசு அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. வண்டிகள் போக அவர்கள் சம்மதித்தார்கள். அதற்கு ஈடாக 50 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 டாலர் மதிப்புள்ள பொருள் தருவதாக அரசு சொன்னது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. தலைவர்கள் கையெழுத்துக்குப் பதில் குறி போட்டார்கள். பின்னர் அமெரிக்க செனட் சபை 50 ஆண்டுகளை 10 ஆண்டுகளாகக் குறைத்தது. வண்டிகளோ நிற்கவில்லை.

1869 மே 10ஆம் தேதி, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. பல மாதப் பயணம் ஒரு வாரப் பயணமாகச் சுருங்கியது. ரயில் பாதை சவுத் பாஸ் வழியே போகவில்லை. அதற்குத் தெற்கே போனது. வண்டிப் பாதையில் கூட்டம் குறைந்தது.

ஆனால் தடம் அழியவில்லை. வயோமிங்கில் கர்ன்சி என்ற ஊருக்கு அருகே மணற்பாறை ஒன்று இருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து அதில் பள்ளம் விழுந்துள்ளது. சில இடங்களில் ஆழம் 5 அடி! இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

ஒரு பாதை பலருக்குப் புது வாழ்வு தரும். அதே பாதை சிலருடைய வாழ்வைப் பறிக்கவும் செய்யும். பாதை எங்கே போகிறது என்று மட்டும் கேட்டால் போதாது. யாருடைய நிலத்தின் வழியே போகிறது? அவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? இவற்றையும் கேட்க வேண்டும்.