டி.வி. பெட்டிக்குள் வேண்டாத விருந்தாளி!

மார்கழி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். பதினொரு நிலைக் கோபுரம் பனியில் பாதி மறைந்திருக்கும்போதே ஊர் விழித்துக்கொண்டுவிடும். வாசலில் கோலம், உள்ளே திருப்பாவை. ஒரு காலத்தில் அந்தத் திருப்பாவை ரேடியோவில் கேட்டது. இப்போது பல வீடுகளில் டெலிவிஷனில் கேட்கிறது. அதுவும் இன்டர்நெட் வழியாக!

அந்தத் திருப்பாவையிலேயே ரஸமான கட்டம் ஒன்று உண்டு. தோழியர் எல்லோரும் திரண்டு நந்தகோபன் மாளிகைக்கு வருகிறார்கள். வந்தவர்கள் நேரே உள்ளே நுழைந்துவிடவில்லை. வாசல் காவலனை அழைத்து, கதவைத் திறக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆண்டாளின் தோழிகளே அனுமதி கேட்டுத்தான் உள்ளே போனார்கள் என்றால், நம் வீட்டுக்குள் வருகிறவர்களை நாம் எவ்வளவு விசாரிக்கவேண்டும்? ஆனால் டி.வி. விஷயத்தில் நாம் யாரையும் விசாரிப்பதே இல்லை!

அன்றைய டி.வி.யும் இன்றைய டி.வி.யும்

பழைய டி.வி. பரம சாது. வானத்திலிருந்து வந்ததை வாங்கிக் காட்டும், அதோடு சரி. இன்றைய 'ஸ்மார்ட்' டி.வி. அப்படி அல்ல. பெரிய கண்ணாடி போட்ட கம்ப்யூட்டர் அது. வெளியுலகத்தோடு சதா பேசிக்கொண்டே இருக்கிறது. ஆகையால், கம்ப்யூட்டருக்கு வரும் வியாதி எல்லாம் இதற்கும் வரும். அந்த வியாதிக்கு 'மால்வேர்' என்று பெயர். நமக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து, வேறு யாருக்கோ ஊழியம் செய்யும் கள்ள நிரல் அது. 2019 ஜூன் மாதத்தில் சாம்சங் கம்பெனியே, "சில வாரங்களுக்கு ஒரு முறை டி.வி.யில் வைரஸ் பரிசோதனை செய்யுங்கள்" என்ற பொருள்பட அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொன்னது. ஜனங்கள் திடுக்கிட்டதும் அந்தச் செய்தியை நீக்கிவிட்டது!

பெயர் பெற்ற கம்பெனிகளின் டி.வி.யில் இந்த ஆபத்து குறைவுதான். கேபிள்காரர் கொடுத்த பெட்டி இன்டர்நெட்டோடு சேராததாக இருந்தால் கவலையே வேண்டாம். இப்போது உலகத்தை மிரட்டுவது வேறொன்று. பழைய டி.வி.யையும் 'ஸ்மார்ட்' ஆக்கித் தரும் உள்ளங்கையளவு ஆண்ட்ராய்டு பெட்டி இருக்கிறதே, அதுதான்!

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

சீரியலுக்கு ஒரு சந்தா, கிரிக்கெட்டுக்கு ஒரு சந்தா, குழந்தைகளின் கார்ட்டூனுக்கு இன்னொன்று. மாதக் கடைசியில் இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும் குடும்பத் தலைவிக்குத் தலை சுற்றுகிறது. அந்தச் சமயம் பார்த்து, "ஒரே தடவை பணம் கொடுங்கள், புதுப்படம் உள்பட எல்லாம் ஆயுள் முழுவதும் இலவசம்" என்று பெயர் தெரியாத பெட்டி ஒன்று விற்பனைக்கு வருகிறது. வாங்கத் தோன்றுவது சகஜம்தான். ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் சந்தா கட்டவில்லை. அப்படியானால் யார் கட்டுகிறார்கள்?

2023 ஜனவரியில் கனடா தேசத்து நிபுணர் ஒருவர், கடையிலிருந்து வந்த 'டி-95' என்ற பெட்டியைப் பிரித்து ஆராய்ந்தார். கள்ள நிரல் அதனுள் முன்பே குடியிருந்தது! வழியில் தொற்றிய நோயல்ல, பிறவி நோய். 2024 செப்டம்பரில் ரஷ்யாவின் 'டாக்டர் வெப்' நிறுவனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் டி.வி. பெட்டிகளை 'வாய்ட்' என்ற நிரல் பற்றியிருப்பதாக அறிவித்தது. அந்த டிசம்பரில் ஜெர்மன் அரசாங்கத்தின் இணையப் பாதுகாப்பு இலாகா, 'பேட்பாக்ஸ்' என்ற நிரல் குடியிருந்த 30,000 சாதனங்களுக்கும் அவற்றின் எஜமானர்களுக்கும் இடையே இருந்த தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூலையில் கூகுள் கம்பெனி, ஒரு கோடிக்கு மேற்பட்ட சாதனங்களைப் பிடித்துவிட்ட 'பேட்பாக்ஸ் 2.0' கும்பலின் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தது.

"அதெல்லாம் அயல்நாட்டு விவகாரம்" என்கிறீர்களா? சீனாவின் 'எக்ஸ்லேப்' ஆராய்ச்சிக்கூடம் 2025 பிப்ரவரியில் எடுத்த கணக்கைக் கேளுங்கள். இந்தியாவில் 'வாய்ட்' பிடித்த பெட்டிகள் 3,901 ஆக இருந்தவை, திடீரென்று 2,17,771 ஆகப் பெருகிவிட்டனவாம்!

அனுப்புநர்: தங்கள் வீடு

இத்தனைக்கும் அந்தப் பெட்டி என்னதான் செய்யும்? உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. படம் தெளிவாக ஓடும். பாட்டு இனிமையாகக் கேட்கும். பின்னால் இருந்துகொண்டு, யாரும் பார்க்காத விளம்பரங்களைப் பார்த்ததாகப் பொய்க் கணக்கு எழுதும். ஏதாவது ஓர் இணையதளத்தை முடக்க ஆயிரமாயிரம் பெட்டிகளோடு சேர்ந்து கூட்டமாக மோதும்.

இவற்றைவிட விபரீதம், உங்கள் இன்டர்நெட் இணைப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுவதுதான். தபாலில் அனுப்புநர் விலாசம் எழுதுகிறோம் அல்லவா? இன்டர்நெட்டிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு விலாச எண் உண்டு. எங்கோ இருக்கும் ஒரு மோசடிக்காரன் பிறர் கணக்கில் புகுந்து திருடும்போது, தன் விலாசத்துக்குப் பதிலாக உங்கள் விலாசத்தைப் போட்டுவிடுகிறான். விசாரணை வந்தால் முதலில் எந்த வாசலுக்கு வரும்? யோசித்துப் பாருங்கள்! நீங்கள் கட்டாத சந்தாவை உங்கள் நல்ல பெயர் கட்டிக்கொண்டிருக்கிறது.

பால்கோவா பரீட்சை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் டப்பாவின் மேல் ஊர்ப் பெயர் இருப்பதை மட்டும் பார்த்து உள்ளூர்க்காரர் வாங்குவாரா? எந்தக் கடை, யார் கிண்டியது என்று பார்த்துத்தான் வாங்குவார். ஆண்ட்ராய்டும் அப்படித்தான். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடிக்கலாம். கூகுள் பரிசோதித்து 'ப்ளே ப்ரொடெக்ட்' சான்று கொடுத்த சாதனம்தானா என்று பார்க்கவேண்டும். ஆண்ட்ராய்டு டி.வி.க்கு உரிமம் பெற்ற கம்பெனிகளின் ஜாபிதாவைக் கூகுளே வெளியிட்டிருக்கிறது. வாங்குமுன் பிள்ளைகளை விட்டு அதில் பார்க்கச் சொல்லுங்கள்.

2025 ஜூனில் அமெரிக்க எஃப்.பி.ஐ. சொன்ன அடையாளங்கள் நமக்கும் பொருந்தும். கேள்விப்படாத கம்பெனிப் பெயர். "எல்லாம் இலவசம்" என்ற வாக்குறுதி. கூகுள் கடைக்குப் பதிலாக ஏதோ ஒரு கடையிலிருந்து செயலிகளை இறக்கச் சொல்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, "ப்ளே ப்ரொடெக்டை அணைத்துவிடுங்கள்" என்று பெட்டியே கேட்பது. 'முதலில் நாயைக் கட்டிப் போடுங்கள். அப்புறம் வருகிறேன்' என்று சொல்லும் விருந்தாளியை உள்ளே விடுவீர்களா?

வீட்டில் செய்யவேண்டியவை

நாய் என்றதும் பக்கத்து ஊர் ராஜபாளையத்து நாய் ஞாபகம் வருகிறது. காவலுக்குப் பேர் போன ஜாதி. உங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கு அப்படிப்பட்ட காவல், 'ரவுட்டர்' என்ற சிறு கருவி. அதற்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற நிரல், இப்படி மாற்றாமல் விட்ட சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைக் கொண்டே உலகமெங்கும் காமிராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றை ஏவி விட்டதில், அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவையே தடுமாறின!

அடுத்து, ரவுட்டரில் 'கெஸ்ட்' வை-ஃபை வசதி இருந்தால் டி.வி.யை அதில் சேர்த்துவிடுங்கள். விருந்தாளி திண்ணையோடு நிற்கட்டும். பாங்கு வேலை நடக்கும் செல்போன் உள்கட்டில் இருக்கட்டும். டி.வி. 'அப்டேட்' கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கும் வேலை அது. 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் 'டீபக்கிங்' திறந்திருந்தால் மூடுங்கள். பையன் நண்பனிடமிருந்து பென் டிரைவில் கொண்டுவரும் செயலிகளுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

சந்தேகமான பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால்? 'ரீசெட்' செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். பிறவியிலேயே கலந்துவிட்ட நிரல் அதனால் போகாது. மாவில் கரைந்த உப்பைப் பிரிக்க முடியுமா? இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிடுவதுதான் வைத்தியம். பெட்டி வீணாகிறதே என்று தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆபத்து அங்கே குடிபோகும். மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இன்று இரவு சீரியல் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். டி.வி.க்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைத் திருப்பி, அதன் அடியில் இருக்கும் பெயரைப் படியுங்கள். நாலு பேருக்குத் தெரிந்த பெயர் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். பெயரே இல்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்குங்கள்!