வண்டிக்கு அடியில் ஒரு விலையுயர்ந்த சரக்கு
கேடலிடிக் கன்வெர்ட்டர் திருட்டும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவையும்

சரக்கு எடுத்துவர, கொண்டுபோய்ச் சேர்க்க, சொந்தமாக ஒரு வேனோ பழைய காரோ வைத்திராத வியாபாரிகள் இன்று குறைவு. கடைக்குப் பூட்டு உண்டு. கல்லாவுக்குப் பூட்டு உண்டு. கிடங்குக்குக் காவலாள் உண்டு. ஆனால் இரவில் கடைவீதியிலேயே நிற்கும் வண்டியின் அடியில், தங்கத்துக்கு ஈடான உலோகம் இருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. திருடர்கள் எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

2021-ஆம் ஆண்டில் குஜராத், மகாராஷ்டிர மாநிலங்களில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்கள் தொடர்ந்து திருடு போயின. வண்டியை விட்டுவிட்டுச் சைலன்சரை மட்டும் ஏன் கழற்றுகிறார்கள் என்று முதலில் பலருக்கும் விளங்கவில்லை. கும்பல்கள் பிடிபட்ட பிறகுதான், அவர்கள் தேடியது சைலன்சரை அல்ல, அதனுடன் இணைந்திருக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரை என்பது வெளியே தெரிந்தது. ஈகோ போன்ற வேன்களை அதிகம் வைத்திருப்பவர்கள் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளே. ஆகவே இதுபற்றி உறுப்பினர்கள் விவரமாகத் தெரிந்துகொள்வது அவசியம் எனக் கருதுகிறோம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

என்ஜினிலிருந்து வரும் புகை வெளியேறும் குழாயில், சைலன்சருக்கு முன்பாக ஒரு தகரப் பெட்டி போல இருப்பதே கன்வெர்ட்டர். அதனுள் தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். அந்தத் துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். சூடான புகை அவற்றின் மேல் உரசிச் செல்லும்போது நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவி நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாக மாறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகின்றன. உலோகமோ செலவாவதில்லை. அதனால்தான் பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியின் கன்வெர்ட்டருக்கும் சந்தையில் விலை இருக்கிறது.

நம் நாட்டில் சென்னை, மும்பை, டில்லி, கல்கத்தா ஆகிய நான்கு மாநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது 1995 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் இந்தப் பூச்சைப் பாழாக்கிவிடும் என்பதால், ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்போதே விற்பனைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். ஆகவே இன்று ஓடும் பெட்ரோல் கார்களிலும் வேன்களிலும் பெரும்பாலானவற்றில் இந்த உறுப்பு இருக்கிறது என்றே கொள்ளலாம்.

திருட்டு பெருகியது ஏன்?

ஒரு கன்வெர்ட்டரில் இருக்கும் விலையுயர்ந்த உலோகம் சில கிராம்தான். ஆனால் அதன் விலை ஏறிய வேகம் அசாதாரணமானது. 2016-ல் ஓர் அவுன்சு, அதாவது சுமார் 31 கிராம், 700 டாலர் அளவில் விற்ற ரோடியம், 2021 மார்ச்சில் 29,000 டாலரை எட்டியது. பல்லேடியம் 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டியது. விலையோடு திருட்டும் ஏறியது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களிடம் பதிவான கன்வெர்ட்டர் திருட்டு 2018-ல் சுமார் 1,300. 2021-ல் 52,000-க்கும் மேல். பின்னர் இந்த உலோகங்களின் விலை 2023-ல் வெகுவாக இறங்கியது உண்மை. ஆயினும் தொழில் பழகிய திருடனும், அவனிடம் வாங்கிப் பழகிய ஆளும் அப்படியேதான் இருக்கிறார்கள். விலை மறுபடி ஏறும்போதெல்லாம் ஆபத்தும் ஏறும்.

பழைய வண்டி இவர்களுக்கு வசதி. பல பழைய வண்டிகளில் கன்வெர்ட்டர் என்ஜினை ஒட்டி இல்லாமல், வண்டியின் அடிப்பகுதியில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். நான்கு போல்ட்டைக் கழற்றினாலோ, குழாயை இரண்டு இடத்தில் அறுத்தாலோ போதும். தரையிலிருந்து உயரமாக நிற்கும் வேன் என்றால் ஜாக்கி வைக்கவும் தேவையில்லை. சில நிமிட வேலை. போதாததற்கு, பழைய வண்டிதானே என்று நாமும் அதைத் தெருவிலேயே விட்டுவிடுகிறோம்.

இன்னொரு வகையும் உண்டு. பழுது பார்க்க விட்ட இடத்தில் பெட்டியைப் பிளந்து, உள்ளிருக்கும் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்று உறையைப் பற்றவைத்துத் திருப்பிப் பொருத்திவிட முடியும். வண்டி ஓடும், உரிமையாளருக்குத் தெரியாது. புகைப் பரிசோதனையில் தவறும்போதுதான் விஷயம் புலப்படும். பெட்டியில் புதிய வெல்டிங் தழும்பு, வழக்கத்துக்கு மாறான சத்தம் ஆகியவை இதற்கு அடையாளங்கள். சைலன்சர் வேலைக்கு வண்டியை விடும்போது, விடுமுன்னும் எடுத்தபின்னும் அடிப்பகுதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

திருடு போனால் முதலில் செய்ய வேண்டியவை

காலையில் வண்டியை எடுத்ததும் டிராக்டர் போல உறுமினால், உடனே என்ஜினை நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். குழாய் அறுந்திருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். புகை வண்டிக்குள் புகக்கூடும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தொங்கும் குழாயும், அறுந்த சென்சார் வயரும் வேறு சேதத்தை உண்டாக்கும்.

அடுத்து, வண்டி நின்ற இடத்தையும் அறுபட்ட பகுதியையும் படம் எடுங்கள். நம் கடையிலும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் உள்ள கேமராப் பதிவை அன்றே தனியாகப் படியெடுத்து வையுங்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.

பிறகு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதோடு திருப்தி அடைந்துவிடாமல், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கேளுங்கள். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, மின்னணு வழியாகவும் புகார் தரலாம். அவ்வாறு தந்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், விவரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பவும் அதே பிரிவு இடம் தருகிறது.

காப்பீடு கைகொடுக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த வண்டிக்கு இந்த இழப்பில் ஒரு காசும் வராது. பழைய வண்டி என்று நம்மில் பலர் அதை மட்டுமே எடுக்கிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். முழுக் காப்பீடு இருந்தால், தாமதமின்றி நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்க்கும் வரை பழுது பார்க்காமல் வைத்திருங்கள். சரக்கு வண்டிப் பாலிசியாக இருந்தால், துணைப் பொருள் திருட்டுக்கு என்ன நிபந்தனை என்பதைப் படித்துப் பாருங்கள். கன்வெர்ட்டர் வண்டியோடு தயாரிப்பிலேயே வந்த பாகம். பின்னால் வாங்கி மாட்டிய துணைப் பொருள் அல்ல என்பதைக் கோரிக்கையில் தெளிவாக எழுதுங்கள்.

முழுத் தொகையும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தேய்மானக் கழிவு உண்டு. வண்டியின் வயது 5 முதல் 10 ஆண்டு என்றால் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம். 10 ஆண்டுக்கு மேல் 50 சதவீதம். உதாரணமாக, புதிய பாகம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டு வண்டிக்கு 25,000 கழியும். 1500 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் கார் என்றால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 24,000.

இதோடு கணக்கு முடியவில்லை. கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பிரீமியச் சலுகை அறுந்துவிடும். 50 சதவீதச் சலுகையில் இருந்தவர் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கி 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். ஐந்து புதுப்பித்தல்களில் இழப்பது 50, 30, 25, 15, 5 என மொத்தம் 125 சதவீதம். வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 6,000 ரூபாய் என்றால், இழப்பு 7,500 ரூபாய். ஆகவே இந்த உதாரணத்தில் உண்மையான ஆதாயம் 16,500 ரூபாய்தான். கோரிக்கை வைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் பாலிசியை வைத்து இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுப் பாகம் வாங்கும்போது

செலவைக் குறைக்க, கன்வெர்ட்டருக்குப் பதில் வெறும் குழாயைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். இதற்கு இணங்க வேண்டாம். புகைச் சான்றிதழ் கிடைப்பது கடினம். மாசு வரம்பை மீறி ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க இடம் உண்டு. தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதும் சிக்கல் வரும். மிக மலிவான புதிய பாகத்தில் உலோகப் பூச்சு குறைவாக இருக்கும்; விரைவில் செயலிழக்கும். பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் பழைய பாகமோ, இன்னொரு வியாபாரியின் வண்டியிலிருந்து அறுத்ததாக இருக்கலாம். அதை வாங்கினால், நம் பாகத்தைத் திருடியவனுக்கு நாமே அடுத்த ஆர்டர் கொடுத்தது போலாகும்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை

வண்டியைச் சுவரை ஒட்டி, கன்வெர்ட்டர் இருக்கும் பக்கம் ஆள் நுழைய முடியாதபடி நிறுத்துங்கள். இரண்டு வண்டி இருந்தால் உயரமான வேனைத் தாழ்வான வண்டிகளுக்கு நடுவே நிறுத்தலாம். வெளிச்சமும் கேமராவும் உள்ள இடம் நல்லது. கன்வெர்ட்டரின் உறையில் வண்டிப் பதிவு எண்ணை ஆழமாகப் பொறித்து வையுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான். ஆனால் எண் பொறித்த பொருளைத் திருடனால் விற்பதும் கடினம், பிடிபட்டால் நம்முடையது என்று நிரூபிப்பதும் எளிது. போல்ட்டுகளின் தலையை வெல்டிங் வைத்து இறுக்கலாம். அடியில் இரும்புச் சட்டமோ கூண்டோ மாட்டலாம். ஓடும்போது கன்வெர்ட்டர் கடுமையாகச் சூடாகும் என்பதால் காற்றோட்டம் தடைபடாதபடி அது அமைய வேண்டும். வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வண்டி அசைந்தால் ஒலிக்கும் அலாரமும் கிடைக்கிறது.

தனித்தனியாகச் செய்ய முடியாததை வீதி முழுவதும் சேர்ந்து செய்யலாம். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஓர் இரவுக் காவலாளின் சம்பளம் பெரிய பாரமாக இராது.

பழைய இரும்பு, உதிரிபாக வியாபாரிகள் கவனத்திற்கு

இதுவரை சொன்னது பொருளை இழப்பவர்களுக்கு. ஆனால் திருடிய கன்வெர்ட்டரைத் திருடன் வீட்டில் வைத்துப் பூசை செய்வதில்லை. பீங்கான் கட்டியிலிருந்து உலோகத்தைப் பிரிக்கப் பெரிய உலைகளும் ரசாயன முறைகளும் வேண்டும். அவனுக்கு அது இயலாது. ஆகவே யாராவது ஒரு வியாபாரி வாங்கினால்தான் அவனுக்குக் காசு. திருட்டின் உயிர்நாடி அந்தக் கொள்முதலில் இருக்கிறது. பிரிட்டனில் இதை உணர்ந்துதான் 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம், இங்கிலாந்திலும் வேல்சிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதையே தடை செய்தார்கள்.

சென்னை புதுப்பேட்டை முதல் சிற்றூர் காயலான் கடை வரை, பழைய பொருளை வாங்கி விற்பது கௌரவமான தொழில். வீணாகும் பொருளை மீண்டும் பயனுக்குக் கொண்டுவருபவர்கள் அவர்கள். அந்தப் பெயர் கெடாமலிருக்க, கன்வெர்ட்டர் வாங்கும்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். விற்பவரின் அடையாளச் சான்றையும், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு ஆர்.சி. நகல் அல்லது ஒர்க்ஷாப் பில்லையும் வாங்கி, கொள்முதல் பதிவேட்டில் எழுத வேண்டும். பொருளைப் படம் எடுத்து வைக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே தர வேண்டும். இருபுறமும் புதிதாக அறுபட்ட குழாயோடு வருவது, எண் ராவப்பட்டிருப்பது, பெட்டி இல்லாமல் உள்ளிருக்கும் தூளை மட்டும் மூட்டையாகக் கொண்டுவருவது ஆகியவற்றை எந்த விலைக்கும் தொடக்கூடாது.

சட்டமும் இதில் கடுமையானது. பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. அதையே வழக்கமாகச் செய்பவருக்குப் பத்தாண்டு, ஆயுள் தண்டனை வரைகூட விதிக்கலாம். "நம்பக் காரணம் இருந்தது" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். பல்லாயிரம் பெறும் பொருளை, முன்பின் தெரியாதவர் பில் இல்லாமல் சில நூறுக்குக் கொடுத்தார் என்றால், எனக்குத் தெரியாது என்ற பதில் எளிதில் எடுபடாது.

ஒரு கன்வெர்ட்டரில் கிடைக்கும் லாபம் ஒரு நாளைக்குக் காணும். போலீஸ் வந்து கடையைச் சோதனையிட்டால் போகும் நம்பிக்கை, பல வருடம் உழைத்தாலும் திரும்ப வராது. வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த வாரமே அடியில் எண்ணைப் பொறித்து வைக்கவும், பழைய பொருள் வாங்கும் உறுப்பினர்கள் இன்றே கொள்முதல் பதிவேடு தொடங்கவும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.